பெர்த்துக்கு ஒரு ராகுகாலம்

பெர்த் கிளைச் செயலாளர் கோபம் வந்தால் கத்தமாட்டார். "சரிங்க தலைவி" என்பார். அந்த வாரம் மட்டும் மூன்று முறை சொல்லிவிட்டார்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய தமிழர்களுக்கான தேசியச் சங்கம் எங்களுடையது. விருதுநகரிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன நான் அதற்குத் தலைவியானதற்குக் காரணம், யாரைப் பார்த்தாலும் நின்று பேசிவிடுகிற என் பழக்கம்தான். இந்த வருஷம் முதன்முதலாகச் சங்கத்தின் பேரில் தினசரி காலண்டர் போடலாம் என்றேன். சிட்னியில் விடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் பெர்த்தில் விடியும். அதனால் பெர்த்காரர்கள் கேட்டார்கள்: "ராகுகாலம் எந்த ஊர்க் கணக்குங்க? சிட்னின்னா அந்தக் காலண்டர் எங்க சுவத்துக்கு வேண்டாம். நாங்க தனிச் சங்கமாப் போயிக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுப்பார்களாம். ஒரே தாளில் இரண்டு ஊர் நேரமும் வரும், அச்சான தாளை அதற்குள் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, லீவு போட்டு சிவகாசி வந்து இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சகத்துக்குள் நுழைந்தபோதே மெஷினில் எங்கள் ஜனவரித் தாள் ஓடிக்கொண்டிருந்தது! அந்தச் சத்தம் காலடி வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. மை காயாத பெரிய தாள் ஒன்றை உருவினேன். கட்டம் கட்டமாகத் தேதிகள், ஒவ்வொன்றிலும் சிட்னி, பெர்த் என்று இரண்டு பத்திகள். குதிக்காத குறை. பிறகு திங்கட்கிழமையைப் படித்தேன். ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது வரை. இரண்டு ஊருக்குமே.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் மெஷின்காரர் பயந்தே போனார்.

கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற பெண் ஓடிவந்தாள். "நாந்தான்க்கா திருத்துனேன். நீங்க அனுப்புனதுல ஒன்னுல ஏழே முக்கா, இன்னொன்னுல ஏழு பத்துன்னு இருந்துச்சு. திங்கக்கெளமன்னா ஏழரை ஒம்போது, பச்சப்புள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டுல இருக்கீக, மறந்துபோச்சு போலன்னு வருசம் முச்சூடும் சரி பண்ணி வச்சேன்."

அவள் மேல் கோபப்பட முடியவில்லை. எத்தனையோ கடைகளின் காலண்டருக்கு அதே நேரத்தை அடித்துப் பழகிய கை. சூரியன் உதிப்பதை வைத்துத்தான் அந்தக் கணக்கு, ஊர் மாறினால் அந்த ஊர்க் கடிகாரப்படி அதுவும் மாறும் என்று சொன்னேன்.

"அப்ப அங்கன ராகு வேற நேரத்துக்குத்தான் வேலைக்கு வாராரா?"

"ஷிப்ட் மாத்தி விட்டுட்டாக போல," என்றார் மெஷின்காரர். "ஏக்கா, கழுத்துல சிலுவ போட்டுருக்கீக, சர்ச்சுக்குப் போறவுக. ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டுப் பதட்டம்?"

"எனக்கு எதுக்குண்ணே ராகுகாலம்? என் சங்கம் ரெண்டா உடையப் போகுது!"

சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "சீசன்ல மெஷின நிறுத்தச் சொல்றீகளே. அடுத்து நகைக்கடை ஆர்டர் நிக்கி. அதுக்குப் பேப்பர் வெட்டி முடியிற வரைக்கும் மெஷின் ஒங்களுக்கு. அதுக்குமேல கேக்காதீக."

ஒரு தாள் போதும், பெர்த்துக்குக் காட்ட! ஜனவரி நேரங்களை நான் வாசிக்க வாசிக்க அவள் அடித்தாள். நான் இருமினால்கூட, "நிக்காதீகக்கா, வாசிங்க" என்று விரட்டினாள். பக்கத்துக் கொட்டகையில் நகைக்கடைப் பேப்பர் மேல் வெட்டுக் கத்தி இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் வேகத்தைக் கூட்டினேன். புதிய அச்சுப் பிளேட் வந்தது, மெஷின்காரர் மாட்டினார். முதல் சில தாள்கள் மை கூடி நாசமாய்ப் போயின. அதற்கடுத்த தாளை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு ராகுகாலம் விடாமல் நானும் அவளும் மாறி மாறிச் சரிபார்த்தோம். உடனே வீடியோவில் பெர்த்தைக் கூப்பிட்டேன்.

செயலாளர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். "கிட்டக் காட்டுங்க." திங்கட்கிழமையைப் படித்தார், செவ்வாயைப் படித்தார், புதனையும் விடவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, ஒங்க ஊரு ராகுகாலத்த நாந்தான் அடிச்சேன். தப்பா இருந்தா என்னைய வையிங்க, அக்காவ விட்ருங்க. மத்தியானத்துல இருந்து சாப்புடக்கூட இல்ல."

அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். "எங்க ஊர்ப் பேரை அச்சுல பார்த்தாச்சுங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க தலைவி. ஞாயித்துக்கிழமை நானே எந்திரிச்சு, தனியாப் போக வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். முதல் தடவையே நன்றாகத்தான் விழுந்தது.