நெல் மூட்டைக்குப் பின்னால் ஒரு கஞ்சிச் சட்டி

யுத்தம் வந்ததும் கடையில் பால் டின் மறைந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து என்ட பாலும் வற்றிப்போனது. கையில் எட்டு மாதப் பிள்ளை. வீட்டில் குரக்கன் தானியம் இருந்தது, வளவில் தென்னை நின்றது. மண்டூரில் பிள்ளை வளர்க்க இதுக்கு மேல என்ன வேணும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

சுத்தத்தில் நான் பெரிய ஆள், கேளுங்க. குரக்கனை மூன்று தரம் கழுவிக் காயவைத்து, இடித்து, வெள்ளைத் துணியில் அரிப்பேன். தண்ணீர் கொதித்தே ஆகவேண்டும். கோப்பையை வெந்நீரில் அலசுவேன். பிள்ளையின் கஞ்சியில் என் எச்சில் படக்கூடாது என்று ருசிகூடப் பார்ப்பதில்லை.

எனக்கிருந்த பயமெல்லாம் பக்கத்து வளவு அக்காவின் கண்தான். பெற்ற இரண்டையும் பால்குடியிலேயே பறிகொடுத்தவ. அப்படிப்பட்டவட கண் பிள்ளைச் சாப்பாட்டில் படக்கூடாது என்பது ஊர்ச் சாத்திரம். இரண்டு வளவுக்கும் ஒரே கிணறு. அவ தண்ணீர் அள்ள வருமுன், விடியவே முழுநாள் கஞ்சியையும் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சி, சட்டியை நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். திரும்பச் சூடாக்கினால் புகை காட்டிக்கொடுக்குமே! பொழுதுபடும்வரை அந்தச் சட்டியில் இருந்துதான் ஊட்டினேன்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. எப்படியோ பார்த்துவிட்டாவே என்று அந்த மனுசியைத் திட்டியபடி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் கருகியும் மணமே இல்லை. கண்ணூறுதான், சந்தேகமில்லை. எனக்கு ஒரு கிழமையாகத் தடிமன் பிடித்து மூக்கடைத்துக் கிடந்ததை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளைக்குத் தெம்பு வேணும் என்று இன்னும் இரண்டு கரண்டி கூட ஊட்டினேன். என்ட விசர்ப் புத்தி!

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது. வீட்டுக்காரர் வட்டையில், வயல் காவலில். நான் வைத்த ஒப்பாரி கேட்டு அக்கா வந்தா. வாசலில் நிற்கவில்லை, நேரே குசினிக்குள் போனா. வாடை வந்த பக்கம் போய், மூட்டைக்குப் பின்னால் இருந்து சட்டியை எடுத்து மூக்கருகே பிடித்தா.

"புளிச்சுக் கிடக்குகா புள்ள. இதையா குடுத்த?"

கண்ணூறு என்று நான் முணுமுணுத்தேன். அவவுக்கு விளங்கிவிட்டது.

"என்ட கண்ணுக்கு அவ்வளவு பெலன் இருந்தா, என்ட ரெண்டையும் பார்த்துப் பார்த்தே வளர்த்திருப்பன்."

சொல்லிவிட்டுக் கஞ்சியைக் கொல்லையில் கொட்டினா. அரிசியை வேகவைத்து, தெளிந்த கஞ்சித்தண்ணியில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாகப் பருக்கச் சொன்னா. பின்னேரம் பிள்ளை சிணுங்கியது. அந்தச் சிணுங்கலைக் கேட்டு நான் விம்மி விம்மி அழுதேன்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவதான் வந்து ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் காய்ச்சினா. சூடு ஆறியதும் கோப்பையை என்னிடம் தந்துவிட்டு, நான் ஊட்டி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்பா. நான் அப்படி இருக்கச் சொல்லவில்லை. "திரும்பிப் பாருங்க அக்கா" என்று சொல்ல எனக்கு அந்த நாலு நாளும் எடுத்தது.