லிஃப்ட் மெக்கானிக் கேட்ட ஆல்பம்

லிஃப்ட் மெக்கானிக் வாயைத் திறந்தால் குறைதான் வரும் என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம். முப்பது வருடமாக அந்த வேலை. ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாரென்றால் எந்த பேரிங் மண்டையைப் போடப்போகிறது என்று சொல்லிவிடுவார். பழுது இருந்தால் பராமரிப்பு அட்டையில் எழுதுவார். இல்லாவிட்டால் வெறும் கையெழுத்து. வீட்டிலும் அதே சட்டம். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சத்தம் வரும். ருசியாக இருந்தால் தட்டு காலியாகும், அவ்வளவுதான். ஒரு பாராட்டுக்காகக் காதைத் தீட்டி வைத்துக் காத்திருந்த மனைவி என்றோ அலுத்துப்போய்விட்டார்.

மகளுக்கு இன்னும் அலுக்கவில்லை. அவள் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறாள். பாட்டென்று சொல்லிவிட முடியாது. இரும்புக் குழாயை உரசுவார்கள், கிட்டாரை வயலின் வில்லால் இழுப்பார்கள். நாலு சின்னப் படங்களுக்கு அவர்கள் போட்ட இசை ஆல்பமாக வந்திருந்தது. உறவுக்காரர்கள் கேட்டுவிட்டு மெல்ல நழுவினார்கள். அவளுக்கு அப்பாவிடமிருந்துதான் ஒரு நல்ல வார்த்தை வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டிவிட்டாள். மனுஷன் கண்ணை மூடி, அசையாமல் முழுதும் கேட்டார். பிறகு ஒரு தாளை நீட்டினார். ஏழு குறைகள், நிமிடக் கணக்கோடு.

அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. இருந்தும் படித்தாள். மூன்றாவது குறை: ஆறாம் நிமிடத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது பட்டென்று நின்றுவிட்டது.

"இது பழுதில்லப்பா. அந்த இடத்துல ஒரு அம்மா மகனுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. கதவு தட்டுற சத்தம் கேக்கும். அதான் நிறுத்தினோம்."

"வந்தது மகனா?"

"படத்துல காட்டவே இல்ல."

அவர் ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு அந்த ஆறாம் நிமிடத்தை இரண்டு தடவை கேட்டார். வெறும் சத்தம் என்று நினைத்ததெல்லாம் இப்போது அந்த அம்மாவின் படபடப்பாக இருந்தது. சத்தம் நின்ற இடத்தில் அவருக்கும் மூச்சு நின்றது. நம் பெண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பெருமை பொங்கியது. தெரியாத்தனமாகத் தாளை நீட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

பேனாவை எடுத்து மூன்றாவதை மட்டும் அடித்தார். மிச்ச ஆறை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். மகள் தாளால் முகத்தை மூடிக்கொண்டாள். சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக மனைவி எட்டிப் பார்த்தார்.

"யாரோ பாராட்டுற சத்தம் கேட்டுச்சே, யாரு வந்திருக்கா?"