கடைமடைக்கு வந்த இன்டர்நெட்

பட்டாளத்துக்காரன் அழுக்குத் துணியை வெளுக்கும் வேலையில் துணி ஒரு பிரச்சினையே இல்லை. மிஷின் துவைக்கும், மிஷின் காயவைக்கும், மிச்ச நேரத்தில் ஊர் ஞாபகத்தை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று "கேக்குதா, கேக்குதா" என்று கத்திய வெளிநாட்டுச் சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நான் பாபநாசத்துக்காரன். படிப்பு எட்டாவதோடு முடிந்தது. மாட்டுச் சந்தையில் தரகு பேசிப் பழகிய வாய் ஒன்றுதான் என் சொத்து. அந்த வாயோடு, பாலைவனத்தில் ஒரு வெளிநாட்டு ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில் போய் விழுந்தேன். எங்கள் தகர அறை வரிசையில் இருந்த பத்துப் பேரும் ஒரே ஏஜெண்ட் அனுப்பிய காவிரித் தண்ணீர்க்காரர்கள்.

தட்டு

முகாமில் இன்டர்நெட் கூடம் இருந்தது, பட்டாளத்துக்கு மட்டும். எங்களுக்கு ஒரே ஒரு போனும் அதன் முன்னால் ஒரு நீள வரிசையும். ஆனால் ஒரு படைப்பிரிவு ஊர் திரும்பும்போது டி.வி.யில் தொடங்கி நாற்காலிவரை சொந்தச் சாமான் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவது அங்கே வழக்கம். நெட்டையான ஒரு சார்ஜென்ட் தன் கூரையில் மாட்டியிருந்த சாட்டிலைட் தட்டை விலை சொன்னான். நான் பாதிக்குக் கேட்டேன். சிரித்தான்.

ஊருக்குக் கிளம்புகிறவன் எவனுக்கும் துணி நாளைக்கே வேண்டும். அவனுடைய மூட்டை எந்த மூலையில், எத்தனை மூட்டைக்கு அடியில் கிடக்கிறது என்பதை அரைகுறை இங்கிலீஷிலும் மீதியைக் கையாலும் எடுத்துச் சொன்னேன். சிரிப்பு நின்றது. தட்டு, பெட்டி, வயர், பழைய லேப்டாப், அதிகாரியின் அனுமதிக் கையெழுத்து எல்லாம் சேர்த்து நான் கேட்ட விலைக்கே முடிந்தது. அவனே ஏறி என் அறைக் கூரையில் மாட்டிக் கொடுத்தான். குரல் நன்றாக வரும், படம் சந்தேகம்தான் என்று எச்சரித்தான். இறங்கும்போது சொன்னான்: "பேச்சுவார்த்தைக்கு உன்னை முதல்லயே அனுப்பியிருந்தா இந்தப் போர் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

படம் வருமா

மாதக் கட்டணத்துக்குப் பத்துப் பேரும் பங்கு. பட்டாளம் விற்றுவிட்டுப் போன பழைய லேப்டாப் ஆளுக்கொன்று வாங்கி, என் அறையிலிருந்து அறைக்கு அறை வயர் இழுப்பதாக ஏற்பாடு. எட்டுப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: குரல் தெளிவாகக் கேட்குமா? சமையல்கூடத்தில் வேலை பார்த்த ஆரோக்கியம் மட்டும், படம் வருமா என்றான். வேதாரண்யம் பக்கத்துப் பையன், வந்து நாலு மாதம். அவனைப் போன் வரிசையில் யாரும் பார்த்ததில்லை. பொண்டாட்டியோடு சண்டை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

எனக்குச் சுள்ளென்று வந்தது. இவ்வளவு பேரம் பேசி வாங்கி வந்தால் நொட்டை சொல்கிறானே என்று. குரல் கேட்டால் பத்தாதா, துரைக்கு முகம் பார்த்தால்தான் சோறு இறங்குமோ என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கடிதம் எழுதலாம், ஆனால் ஸ்டெல்லாவுக்குப் படிக்கத் தெரியாது. இவனுடைய தங்கைதான் படித்துச் சைகையில் சொல்லவேண்டும், தங்கையை வைத்துக்கொண்டு எதை எழுத முடியும் என்றான். எனக்கு இன்னும் புரியவில்லை. பிறகுதான் சொன்னான்: "அவளுக்குப் பொறந்ததுலேருந்தே காது கேக்காதுண்ணே. நாங்க கையாலதான் பேசிக்குவோம்."

முறை

பத்துப் பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒருத்தனுக்கும் ஒழுங்காக வராது. ஊரில் செய்வதைத்தான் செய்தோம்: முறை வைத்தோம். ஒருத்தன் பாய்ச்சும்போது மற்றவன் மடையைச் சாத்த வேண்டும். தலைமடை என் அறை. கடைசி அறை ஆரோக்கியத்துடையது. ஊரில் காவிரிக்கும் கடைமடை, இங்கே இதற்கும் கடைமடை.

ஆரோக்கியத்தின் முறை வந்தது. ஸ்டெல்லா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி நாகப்பட்டினம் பிரவுசிங் சென்டருக்கு வந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் இவன் என் அறை வாசலில் வந்து நின்றான். "கை பாதியில நின்னு போவுதுண்ணே. கோவமா இருக்காளா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்றாளா, ஒண்ணும் தெரியல."

திருட்டுத் தண்ணீர்

எவன் மடையைச் சாத்தவில்லை? அறை அறையாகப் போனேன். மூன்றாவது அறையில் மயிலாடுதுறை செல்வராஜ் போர்வைக்குள் லேப்டாப்பை மறைத்துவைத்து ஒரு சினிமாவை இறக்கிக்கொண்டிருந்தான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்; அச்சில் ஏறாது, விட்டுவிடுகிறேன். உன் சினிமா கதாநாயகி நாளைக்கும் ஆடுவாள், அங்கே ஒருத்தி பிள்ளையோடு உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவன் வயரைப் பிடுங்கினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "மடைய நான் ஒடைக்கலண்ணே. லேசா கசிஞ்சுது."

கடைமடை

அன்றைக்கு ஸ்டெல்லா அதற்குள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடி வருவாள் என்று தங்கை போனில் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் நான் கத்தவேண்டியிருக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் தங்கள் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே வந்தார்கள். சிலர் மதிய முறையையும் விட்டுக்கொடுத்தார்கள். ஆரோக்கியத்தைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, என் கட்டிலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். செல்வராஜ் வாசலில் காவல் நின்றான், திருடனே காவல்.

சுவர் நிழலில் வரிசையாகக் குந்தியிருந்தோம். ஊரில் ஒருத்தன் பொண்டாட்டியோடு பேசும்போது காது கொடுக்கக்கூடாது என்பார்கள். இங்கே காது கொடுத்தும் பயனில்லை. கட்டில் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. ஒரு தடவை அவன் சிரித்தான். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று எழுந்துபோனேன். கதவைத் தட்டப் போன கையைச் செல்வராஜ் பிடித்துக்கொண்டான்.

கதவு திறந்தபோது ஆரோக்கியத்துக்குக் கண் சிவந்திருந்தது. என்னடா ஆச்சு என்று எல்லோரும் எழுந்தோம். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், பல் முளைத்திருக்கிறதாம். ஒரு பட்டாளத்துக்கே சமைத்துப்போடுகிறவன் ஏன் இப்படி இளைத்துக் கிடக்கிறாய், நாலு மாதமாக ஏன் முகம் காட்டவில்லை என்று ஸ்டெல்லா பிடிபிடியென்று பிடித்துவிட்டாளாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "ஒரு திட்டுகூடப் பாதியில நிக்கலண்ணே."

வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணன் தம்பியே அடித்துக்கொள்ளும் ஊரிலிருந்து போன பத்துப் பேர், கண்ணுக்குத் தெரியாத ஒரு தண்ணீரைக் கடைமடைவரை கொண்டுபோய்ச் சேர்த்தோம், அதுவும் ஒரு பெண்பிள்ளையிடம் நிம்மதியாகத் திட்டு வாங்குவதற்காக.