தவிட்டான் கையில் கருவளையல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானும் ஒரு காலத்தில் நம்பாதவன்தான். ஊரில் யாராவது பேய், முனி என்று பேச ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவேன். எதிர்த்துப் பேசமாட்டேன், நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. படிப்பும் மூன்றாம் வகுப்போடு சரி. சொல்வது முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொய் மட்டும் இருக்காது.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. எங்களுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயது தாண்டவில்லை. அதனால் மூன்றாவது பையனை எங்கள் பக்கத்து முறைப்படி தவிட்டுக்கு விற்றோம். பிள்ளையை முறத்தில் போட்டு வாசலில் வைத்துவிட வேண்டும். வேறொருத்தி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள், பிறகு ‘எம்பிள்ளையை வளத்துக் குடு’ என்று பெற்றவளிடமே விட்டுவிட்டுப் போவாள். நம்முடைய பிள்ளை இல்லை என்றால் எமன் ஏமாந்து போவானாம். பிள்ளை தேறி வளர்ந்த பிறகு அதே ஒரு படி தவிட்டை அவள் கையில் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை அவளிடம் சொல்லாமல் பிள்ளையை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. பையனுக்குப் பெயரே தவிட்டான் என்றுதான் வைத்தோம்.

அவனை வாங்கியது பாத்துமா அக்கா. மதுரையிலிருந்து மாதம் ஒரு தடவை தலையில் வளையல் பெட்டியும் தோளில் வளையல் சரமுமாக வருவாள். மூன்று தெரு தள்ளி வரும்போதே வளையல் குலுங்கும் சத்தம் கேட்டுவிடும். வந்ததும் வியாபாரத்தைப் பார்க்கமாட்டாள், “எங்க எம்பிள்ளை?” என்று நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்.

தவிட்டானுக்கு இரண்டு வயதாகும்போது என் மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்து, மைத்துனன் அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நாலு நாளில் காகிதம் வந்தது. நாளை மறுநாள் கத்தி வைக்கிறார்கள், அதற்கு முன் பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அழுகிறாள் என்று எழுதியிருந்தான். விடிந்ததும் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து வீட்டு மதினி வழியை மறித்தாள்.

“கொழுந்தனாரே, பாத்துமாகிட்டச் சொல்லாமப் போகாதீக.”

“அவதான் நாலு மாசமா வரலயே மதினி.”

“அப்ப எல்லைக் கல்லுல நின்னு கெழக்க பாத்தாவது சொல்லுங்க. ‘ஒம்பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்’னு ஒரு வார்த்தை. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?”

சரி என்று தலையாட்டினேன். எல்லைக் கல் பக்கத்தில் இரண்டு பேர் மாடு மேய்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்க்கும்போது வெறும் காற்றிடம் பேச வெட்கமாக இருந்தது. பேசாமல் நடந்துவிட்டேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பை வைத்து ஓட்டினார்கள். மேடு வந்தால் நிற்கும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். மூன்று இடத்தில் தள்ளினோம். கொண்டுவந்த பால் திரிந்துவிட்டது. பையன் அழுது அழுது ஓய்ந்து, உடம்பு கொதிக்க என் தோளில் கிடந்தான். கீழக்குயில்குடி பாதை பிரிகிற இடத்துக்கு முன்னால் பஸ் நான்காவது தடவையும் நின்றது. நல்ல உச்சி வெயில், தெற்கே சமணர் மலை மட்டும் தெரிகிறது, மற்றபடி ஆளை மறைக்க ஒரு புதர்கூட இல்லாத வெட்ட வெளி. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

“பிள்ளைக்காரரு போயி நெழல்ல ஒக்காருங்க, மத்தவுக எல்லாம் வாங்கய்யா, பஸ்ஸு என்ன ஒங்க மாமியாரா, தொட வெக்கப்படுறீக?” என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

பஸ்ஸை விட்டு ஒரு கூப்பிடு தூரத்தில் ஒற்றைப் புளியமரம். அங்கே போய் உட்கார்ந்தபோதுதான் பையனுக்கு வெட்டு வலிப்பு வந்தது. கை கால் விறைத்தது, கண் மேலே செருகியது, வாயில் நுரை. முதல் பிள்ளை போனதும் இப்படித்தான். கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அங்கே பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், ‘ஐயோ’ என்று ஒரு சொல் போதும், அது எனக்கு வரவில்லை.

“என்ன தம்பி, எம்பிள்ளையப் போட்டு இந்த வெயில்ல வாட்டுறே?”

பாத்துமா அக்கா. அதே பெட்டி, அதே சரம். கேட்காமலே பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

“சொல்லாமக் கொண்டாந்திட்டியே.”

“நீதான் நாலு மாசமா வரலயேக்கா” என்றேன். அவளிடம் மட்டும் பேச்சு வந்தது.

“அதான் வந்துட்டேன்ல.”

பையனின் நெற்றியில் ஊதினாள். சரத்திலிருந்து சின்னதாக ஒரு கருவளையலை எடுத்து, விறைத்திருந்த விரல்களைச் சேர்த்துக் குவித்து அமுக்கி, வலிக்காமல் உள்ளே ஏற்றினாள். வளையல் மணிக்கட்டில் இறங்கவும் பையன் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினான். உடம்பு தளர்ந்தது, வேர்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, எம்பொண்டாட்டி பொழச்சு வரட்டும், இவனை மீட்டுக்கிர்றேன்.”

“தவிடு வச்சிருக்கியா?”

“இப்ப இல்லயேக்கா.”

“அப்ப எம்பிள்ளதான்” என்று சிரித்தாள். பிறகு வளையலைத் தொட்டுக் காட்டி, “இது இறுகுறப்ப நானே வந்து கழட்டிக்கிர்றேன். நீங்க யாரும் ஒடச்சிராதீக” என்றாள்.

பஸ் உறுமியது, கண்டக்டர் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புகிறேன், பையன் என் மடியில் தூங்குகிறான், அவளைக் காணவில்லை. முன்னால் ஏறிவிட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸுக்குள் அவள் இல்லை.

“மரத்தடியில யாருகிட்டண்ணே தலைய தலைய ஆட்டுனீக? புளியமரத்துக்கிட்டயா?” என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மனைவி பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் ஒரு படி தவிடு வாங்கிக்கொண்டு பாத்துமா அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். வீட்டு முன்பக்கமே வளையல் கடை, அதில் அவள் மகன் இருந்தார்.

“அம்மா மவுத்தாகி நாலு மாசம் ஆச்சேண்ணே” என்றார். “ஒங்க ஊர்ல ஒரு பிள்ளை இருக்கு, பாக்கணும், பாக்கணும்னு கெடந்துதான் போனாக.”

தவிட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வாங்குனவுகதான அதைத் திருப்பி வாங்கணும், நான் எப்படிண்ணே வாங்குவேன்?”

அன்று புளியமரத்தடியில் அவள் உட்கார்ந்தபோதும் எழுந்தபோதும் வளையல் சரம் ஒரு சத்தமும் போடவில்லை என்பது அந்தக் கடை வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. தவிட்டானுக்கு எட்டு வயது, மரம் ஏறுகிறான், சண்டை போடுகிறான். இரண்டு வயதில் போட்ட கண்ணாடி வளையல் இன்னும் அவன் கையில் இருக்கிறது. உடையவில்லை. அதைவிட, இறுகவில்லை. கை வளர வளர அதுவும் எப்படியோ கூடவே வந்தது. உடைத்து எடுத்துவிடலாம் என்று மனைவி ஒரு தடவை சொன்னாள், இரண்டு பேருக்குமே கை வரவில்லை.

ஆறு வருஷமாகத் தினம் காலையில் அவன் எழுவதற்கு முன்னால் என் சுண்டு விரலை அந்த வளையலுக்குள் விட்டுப் பார்க்கிறேன். தாராளமாகப் போகும். இன்று காலையில் கொஞ்சம் திருகித்தான் நுழைக்க வேண்டியிருந்தது.