தேனியில் கேள்வி இல்லை
மார்க்கையன்கோட்டையில் நர்சரி பள்ளி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படித்தேன். கைக்குழந்தையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்ப் படிக்க வழியில்லை. தேனிப் படிப்பு மையத்தில் சனிக்கிழமைதோறும் வீடியோ கான்ஃபரன்சிங் வகுப்பு உண்டு என்றதால்தான் சேர்ந்தேன்.

சென்னைப் பேராசிரியர் திரையில் புள்ளியியல் நடத்துவார். அவரை நாங்கள் பார்க்கலாம்; அவரால் எங்களைப் பார்க்க முடியாது. எங்களிடம் இருந்தது ஒரு மைக் மட்டும். பாடம் முடிந்ததும், "தேனி, சந்தேகம் இருக்கிறதா?" என்பார். மைக்கில் கத்துவோம். "சரி, தேனியில் கேள்வி இல்லை" என்று அடுத்த ஊருக்குப் போய்விடுவார். லைன் சரியில்லை என்பார் மையப் பொறுப்பாளர். ஐந்து மாதம் நம்பினோம்.

ஒருநாள் பொறுப்பாளர் டீ குடிக்கப் போன நேரத்தில் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மைக் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். செருகிவிட்டுப் பேசினேன்.

"தேனியா?" பேராசிரியர் திகைத்தார். "உங்களுக்கு எல்லாம் புரிகிறது என்றல்லவா நினைத்தேன்!" அரை மணி நேரம் பொறுமையாக மறுபடி நடத்தினார். அன்றுதான் பாடம் புரிந்தது.

பொறுப்பாளர் திரும்பி வந்து கத்தினார். "யாரக் கேட்டுத் தொட்டீக? ஆளாளுக்குக் கேள்வி கேட்டா நான் எப்பப் பூட்டிட்டு வீட்டுக்குப் போறது?"

"அதுக்கு எங்க வாயக் கட்டுவீகளா?" என்றேன்.

நான் தேறினேன். ஆனால் அந்த ஐந்து மாதத்திலேயே பாடம் புரியாமல் மூன்று பெண்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்றுதான் இன்றைக்கும் அவரவர் வீட்டில் சொல்கிறார்கள்.