தெய்வாத்தாளின் முதுகும் தேசம்மாளின் தாவலும்

மூச்சை முழுதாக வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுத்த பிறகுதான் தெய்வாத்தாள் இடுப்புப் பட்டையை இறுக்குவார். இறுக்கியதும் இரண்டு விரல்களைப் பட்டைக்குள் விட்டுப் பார்ப்பார். விரல் போனால் சரி; போகாவிட்டால் கழற்றி மறுபடியும். அதுவரை குதிரை வாலை வீசிக்கொண்டு பொறுமையாக நிற்கும். அதற்கும் சேணத்தோடு சேர்ந்து ஒரு வயிற்றுப் பட்டை உண்டு. அதையும் அதேபோல விரல் விட்டுப் பார்த்துத்தான் கட்டுவார்.

"உனக்கொரு பெல்ட்டு, எனக்கொரு பெல்ட்டு. ரெண்டு பேத்துக்கும் மூச்சு முட்டக் கூடாது கண்ணு" என்று அதன் காதில் சொல்லிவிட்டு, அதன் நெற்றியில் ஒரு சிட்டிகைத் திருநீறு வைப்பார். அங்கே பிறவியிலேயே வெள்ளைக் கோடு இருப்பதால் வைத்தது தெரியாது. கேட்டால், "நமக்குத் தெரியாட்டி என்னுங்க, ஆத்தாளுக்குத் தெரியும்" என்பார்.

தெய்வாத்தாளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறார். வீடும் தோட்டமும் குண்டடத்துப் பக்கம். குதிரை ஏறும்போது போட்டுக்கொள்கிற கால்சட்டை அவருடைய யூனிட்டிலேயே தைத்தது. ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய உருப்படி. மேலே கணவரின் முழுக்கைச் சட்டை. தலையில் ஹெல்மெட். கொண்டை போட்டால் ஹெல்மெட் இறங்காது என்பதால் குதிரை ஏறுகிற அன்றைக்கு மட்டும் ஒற்றைச் சடை. தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் டவுன் பஸ் போகும்போது, முன்பெல்லாம் ஜன்னலோரத்து ஆட்கள் எழுந்து நின்று பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது உட்கார்ந்தபடியே கையாட்டுகிறார்கள். இவரும் கையாட்டுவார், ஆனால் கடிவாளத்தை விடாமல்.

குதிரை மகள் கீர்த்தனாவுக்காக வாங்கியது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கி, டெய்சி என்று பெயர் வைத்தாள். பிறகு பெங்களூரு வேலைக்குப் போய்விட்டாள். குதிரை தோட்டத்திலேயே நின்றது. சும்மா தின்று பெருக்கிற ஜீவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் தெய்வாத்தாள் சாயங்காலங்களில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். டெய்சி என்பது அவர் வாயில் தேசியாகி, மரியாதை சேர்ந்து தேசம்மா ஆனது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று தேசம்மாளின் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், என்ன நினைத்தாரோ, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்துவிட்டார். குதிரை திரும்பி ஒருமுறை பார்த்தது. பிறகு தொட்டியில் தண்ணீர் குடித்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

முதுகு நோவு அதற்கு வெகுகாலம் முந்தியது. சொந்த யூனிட் வைக்கும்வரை ஓவர்லாக் தையல் மெஷினில் சாய்மானமில்லாத ஸ்டூலில் குனிந்தே இருந்து சம்பாதித்தது. வந்தால் முதுகோடு நிற்காது. "சீலையக் கிழிச்சாப்புல, இடுப்புலருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஒரே கிழி" என்று கையால் கோடு போட்டுக் காட்டுவார். பல்லடத்தில் சுபஸ்ரீ என்ற பிசியோதெரபி பெண்ணிடம் போனார். குதிரை என்றதும் அந்தப் பெண் எழுந்து போகச் சொல்லிவிடுவாள் என்றுதான் பயந்தார். அவளோ, "மெதுவா நடக்கற குதிரை முதுகுக்கு நல்லதுங்க அம்மா. தாண்டறதுன்னா முதல்ல வயிறும் பின்பக்கமும் பலமாகட்டும்" என்று சில பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தாள்.

தரையில் படுத்தால் எழுந்திருப்பது சிரமம். அதனால் டீ வேளையில் யூனிட்டின் கட்டிங் டேபிள் மேலேயே மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைப் பாலம்போல் தூக்கி, வாய்க்குள் கந்தர் சஷ்டிக் கவசத்தில் நாலு வரி சொல்லி முடிகிறவரை நிறுத்தி, இறக்குவார். கட்டிங் மாஸ்டர் அழகுமலையும் மற்றவர்களும் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்தபடி டீ குடிப்பார்கள்.

அழகுமலை ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரர். முதல் பெல்ட்டு கதையை அவர் வாயால்தான் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த பெல்ட்டு வேர்த்துக் கொட்டுகிறது என்று தெய்வாத்தாள் தாமே ஒன்று தைத்தார். உள்ளே வேர்வை குடிக்கிற ரிப் துணி, வெளியே அகலமான எலாஸ்டிக். பனியன் தொழிலில் எலாஸ்டிக்கை இடுப்பு அளவைவிடக் குறைத்து வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைப்பதுதான் வழக்கம். கை பழகியபடியே வெட்டிவிட்டார். காலையில் கட்டியவரால் மத்தியானம் சாப்பிட உட்கார முடியவில்லை, எழவும் முடியவில்லை, பேசினால் குரல் கீச்சென்று வந்தது. அழகுமலை கத்தரிக்கோலோடு வந்து பார்த்துவிட்டு, "ஏக்கா, இது முதுகுக்குத் தச்சீகளா, இல்ல ஜட்டிக்குத் தச்சீகளா?" என்றார். தெய்வாத்தாள் சிரிக்கப் போய், சிரிக்க இடமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

இப்போதைய பெல்ட்டில் எலாஸ்டிக் இரண்டு ஓரங்களில் மட்டும்தான். அதைக் காட்டியபோது சுபஸ்ரீ சொன்னாள்: "பெல்ட்டு உங்களைத் தாங்காதுங்க அம்மா. உங்க வயிறுதான் தாங்கும். வயித்த விட்டுட்டீங்கன்னா ஞாபகப்படுத்தறதுக்குத்தான் பெல்ட்டு."

"அப்ப இது பெல்ட்டு இல்ல கண்ணு, மாமியாரு" என்றார் தெய்வாத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து சதீஷ்குமார் என்ற இளைஞர் வந்து குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறார். தோட்டத்தில் ஒரு பக்கம் தென்னைநார்க் கழிவைக் கொட்டி மெத்தென்று களம் செய்திருக்கிறார்கள். தாண்டுவதற்கு, துணி சுற்றி வருகிற கனத்த அட்டைக் குழாயை இரண்டு நீலக் கேன்களின்மேல் படுக்கவைத்திருப்பார்கள். குதிரைக் கால் பட்டால் உருண்டுவிடும், யாருக்கும் அடியில்லை. உயரம் முழங்கால் அளவுதான். ஆனால் மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு அது மதில்.

சதீஷ்குமார் ஓயாமல் சொல்வது ஒரே வார்த்தை. "ரிலாக்ஸுங்க அக்கா. ரிலாக்ஸ்." தெய்வாத்தாள் சொன்ன பேச்சுக் கேட்கிறவர். ரிலாக்ஸ் என்றால் சும்மா இருப்பது, ஓய்வு, உடம்பை விட்டுவிடுவது என்று எடுத்துக்கொண்டு, அரிசி மூட்டை போலத் தொளதொளவென்று உட்கார்ந்தார். போன சித்திரையில் முதன்முதலாகக் குழாயைத் தாண்டினார். குதிரை எழும்பியது, மூட்டை பின்தங்கியது. குதிரை இறங்கியது, மூட்டை தனியாக வந்து சேணத்தில் டொப்பென்று இறங்கியது. நோவு காலுக்கு இறங்கிவிட்டது.

அந்த மாதம் முழுக்கப் படுக்கை. கணவர் மாரப்பன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான். கறக்கிற மாட்டைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போகும்போதெல்லாம் குதிரைக் கொட்டாயைப் பார்த்து எதுவோ முனகுவார். தெய்வாத்தாள் எழுந்து நடமாடத் தொடங்கிய அன்று தெளிவாகவே சொன்னார்.

"நா உன்னையத் தடுக்கலை புள்ள. நல்லாப் பழகிட்டு ஒருக்காத் தாண்டு. நோவு காலுக்கு எறங்குச்சுன்னா குதிரை தாராபுரத்துச் சுப்பண்ணன் ஊட்டுக்கு. எறங்கலீன்னா அதுக்கப்பறம் நா வாயே தொறக்கறதில்லை."

"எறங்குச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"நீ ஆத்தா பேர்ல பொய் சொல்ல மாட்டே."

அது உண்மை. செல்லாண்டியம்மன் பெயரை வைத்து இதுவரை அவர் பொய் சொன்னதில்லை. சுப்பண்ணன் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர். பேண்டு சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவில் தேசம்மா சீரியல் விளக்கு போட்டுக்கொண்டு நிற்பதை நினைத்தால் தெய்வாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

தாண்டுவதன் சூட்சுமம் பிடிபட்டது ஒரு திங்கட்கிழமை, யூனிட்டில். ஆர்டர் அவசரம். உருளையாக வந்த துணியை அழகுமலை அவசர அவசரமாகப் பிரித்து மேஜைமேல் குவித்துவிட்டு, "ரிலாக்ஸாகட்டும்க்கா, சாயங்காலம் வெட்டிருவோம்" என்றார். பின்னல் துணி, உருளையில் இழுபட்டு இருப்பது. பிரித்து ஆறப்போட்டால்தான் தன் சொந்த அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினால் தைத்த பிறகு சுருங்கும்.

தெய்வாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏனப்பா அழகுமலை, ரிலாக்ஸுன்னா குமிச்சுப் போடறதா? கசங்கிப் போகாதா? இழுக்காம, குமிக்காம, சமமா விரிச்சு விடோணும். அதது நீளத்துக்கு அதது..."

அப்படியே நின்றுவிட்டார்.

"என்னக்கா, பாதியில நிறுத்திட்டீக? முழுசாத் திட்டிருங்க" என்றார் அழகுமலை.

"உன்னைத் திட்டலை சாமி. என்னையத் திட்டிக்கறேன்" என்று சொல்லி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தானாகச் சிரித்தார். இத்தனை காலம் கட்டிங் டேபிளில் தினமும் சொல்லிவந்த வார்த்தை குதிரைமேல் ஏறியதும் எப்படி மறந்தது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் சதீஷ்குமார் ரிலாக்ஸ் என்னும்போதெல்லாம் தெய்வாத்தாள் தம் முதுகை மேஜைமேல் விரித்த துணியாக நினைத்துக்கொண்டார். விறைக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. குதிகாலைக் கீழே அழுத்தி, வயிற்றைப் பிடித்து, குதிரை எழும்பும்போது இடுப்பை மட்டும் மடக்கி முன்னால் சாய்வது. முதுகு தன் நீளத்துக்கு அப்படியே இருக்கும். இறங்கும்போது அடியை முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்ளும். முதலில் குதிரையை நடக்கவிட்டு, தரையில் கிடந்த குழாயைக் கடந்தே பழகினார். "இடுப்பு மடியணும், முதுகு மடியக் கூடாது. நான் இதத்தானுங்க்கா ஆரம்பத்துலருந்து சொல்றேன்" என்றார் சதீஷ்குமார்.

"நீ சொன்னது சரிதான் சாமி. நீ பனியன் கம்பெனியில வேலை பார்த்திருந்தா நானும் அன்னைக்கே புரிஞ்சிருப்பேன்."

மாரப்பனோடு பேசிவைத்த ஞாயிறு வந்தது. விடிந்ததும் இருவரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். வேப்பமரத்தடியில் சுப்பண்ணன் சின்ன லாரியோடு காத்திருந்தார். லாரியில் வைக்கோல் பரப்பியாகிவிட்டது. நல்ல மனிதர். "நல்லாத் தாண்டுங்கம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சொல்லி, மாரப்பன் கொடுத்த மோரை வாங்கிக்கொண்டார்.

தேசம்மா களத்தை ஒரு சுற்று நடந்து, மறுசுற்றில் ஓட்டமெடுத்தது. தெய்வாத்தாளின் உதடுகள் அசைந்தன. கவசமோ, இழுக்காம குமிக்காமவோ, தெரியவில்லை. குழாய்க்கு முன்னால் குதிரை காதை நிமிர்த்தியது. அவர் இடுப்பு மடிந்தது. ஒற்றைச் சடை மேலே எழும்பி, முதுகில் தட்டி அமர்ந்தது. குழாய் கேன்களின்மேல் அப்படியே கிடந்தது.

சதீஷ்குமார் கைதட்டத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. குதிரையை நிறுத்தி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாரப்பன் வேலிக்கு அருகில் வந்து நின்றார்.

"எறங்குச்சா புள்ள?"

மாரப்பன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா பேர்ல சொல்லோணும்."

தெய்வாத்தாள் கண்ணை மூடினார். வலது காலைச் சேணத்தில் தொங்குகிற அங்கவடியிலிருந்து மெதுவாக உருவினார். நரம்பு பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சுபஸ்ரீ செய்யவைக்கும் சோதனை அது: உட்கார்ந்தபடி காலை நேரே நீட்டி, கட்டைவிரலைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். பிடித்திருந்தால் அந்தக் கிழி வந்துவிடும். கால் நீண்டது. பாதம் மடிந்தது. சுப்பண்ணன் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாதத்தையே பார்த்தார். மாரப்பனும் பார்த்தார். தெய்வாத்தாள் காலைக் கொஞ்சம் இறக்கி, இன்னொருமுறை நீட்டிப் பார்த்தார், இந்தமுறை அழுத்தமாக.

கிழி வரவில்லை. கண்ணைத் திறந்தார். பாதத்தை அங்கவடிக்குள் விட்டு, குதிகாலைக் கீழே அழுத்தி, குதிரையின் தலையை மறுபடியும் குழாயின் பக்கம் திருப்பினார்.