மணியக்கா பால் காய்ச்சிய வீடு

மணியக்கா போய்விட்டார். ஹம்பேர்க்கில், முதியோர் இல்லத்தில்... நேற்றுக் காலை அவருடைய பெறாமகள், தங்கையின் பிள்ளை, ஃபோன் எடுத்துச் சொன்னாள்.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. எனக்குப் பெரிதாக எழுதத் தெரியாது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் நாங்கள் வுப்பர்டாலில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்தோம். அவர் குழந்தைகள் வார்ட்டில் நேர்ஸ். நான் நிலம் துடைப்பவள். ஒரு பிள்ளை அழுகையை நிறுத்தாவிட்டால் டொக்டரே "மணியைக் கூப்பிடுங்கள்" என்பார். அப்படி ஒரு கை.

தன்சானியாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்ய ஆள் கேட்டார்கள். அங்கே குழந்தைகளைப் பார்க்க நேர்ஸ் இல்லை என்று கேட்டதும் அக்கா இரண்டு வருடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். என்னையும் விடவில்லை.

"வா பிள்ளை. இஞ்ச குளிருக்கை நாரி நோகுது, இடுப்பு பிடிக்குது எண்டு ஒவ்வொரு நாளும் புலம்புறாய். அங்கை வெயிலாவது ஓசியிலை கிடைக்கும்."

அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி மாடியில் இரண்டு அறை. சமைக்கிற குசினி மட்டும் எதிர் அறை ஹெல்காவோடு பொது. அவளும் ஜேர்மனியில் இருந்து தொண்டுக்கு வந்த பெண்தான்.

சுவரெல்லாம் பல்லி எச்சம்... பகல் முழுக்கத் தேய்த்துக் கழுவினோம். கட்டிலுக்கு மேல் கட்டுகிற கிழிந்த நுளம்பு வலையை அக்கா காயம் தைக்கிற நூலால் தைத்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. வுப்பர்டாலில் எங்களுக்கென்று இருந்தது ஹொஸ்டல் கட்டில் மட்டும்தானே.

"பால் காய்ச்சாமல் நான் இந்த வீட்டிலை படுக்கமாட்டன்."

"பாலுக்கு எங்கையக்கா போறது?"

"நீ சட்டியைக் கழுவு. பாலை நான் பாக்கிறன்."

பக்கத்துக் காணியில் நேமா என்ற பெண் மாடு வைத்திருந்தாள். பாஷை தெரியாது. அக்கா தன் தலையில் கட்டியிருந்த சிவப்பு ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கொடுத்து ஒரு போத்தல் பால் வாங்கி வந்தார்.

பால் கிழக்கே வழிய வேண்டும் என்று சட்டியை இப்படியும் அப்படியும் திருப்பினார். பொங்கி வழிந்ததும் இரண்டு பேரும் கை தட்டிச் சிரித்தோம்... அந்த நேரம் பார்த்து ஹெல்கா உள்ளே வந்தாள்.

கத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாள். "பார்த்துக்கொண்டே நிற்கிறீர்களே, பைத்தியமா உங்களுக்கு?"

அக்கா அமைதியாக ஜேர்மனில் சொன்னார். "வழியத்தான் வேண்டும். இது புது வீடு."

ஹெல்கா போய்ச் சொல்லியிருக்கிறாள், மறுநாள் பெரிய டொக்டர் கூப்பிட்டார். கீழே பிள்ளைகள் பாலில்லாமல் கிடக்க, மேலே பாலை அடுப்பில் ஊற்றி விளையாடுகிறீர்களா என்றார். வார்ட்டுப் பால்மாவை எடுத்தீர்களா என்றும் கேட்டார்.

இது எங்கள் வழக்கம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். ஏறவில்லை. "பால் நேமாவிடம் வாங்கியது. அவளைக் கேளுங்கள்" என்றார்.

நேமா வந்தாள். அந்தச் சிவப்பு ஸ்கார்ஃபைத் தலையில் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஒருவரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீடு போனது. துணி துவைக்கிற கொட்டிலுக்குப் பின்னால் ஒரு அறை தந்தார்கள். அது போகட்டும்... அக்காவைக் குழந்தைகள் வார்ட்டுக்குள் விடவில்லை. எதற்காக வந்தாரோ, அதைச் செய்ய விடவில்லை. இரண்டு வருடமும் துணி துவைக்கப் போட்டார்கள்.

"திரும்பிப் போவம் அக்கா" என்றேன்.

"இப்ப போனால் கள்ளி பயந்து ஓடிட்டாள் எண்டுவினம். நான் போகமாட்டன். உனக்கு ஏலாதெண்டால் நீ போ."

வார்ட்டில் ஒரு பிள்ளை அழுதால் அவருடைய கை துணியிலேயே நின்றுவிடும். பிறகு இன்னும் வேகமாகக் கசக்குவார்.

இன்றைக்கு யாரோ அவர் படத்தைப் போட்டு "ஆபிரிக்கக் குழந்தைகளின் தாய்" என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை லைக், எத்தனை கும்பிட்ட கை...

அழியுங்கள் அதை. அங்கே ஒரு பிள்ளையைத் தொட அவரை விடவில்லை. கள்ளி என்று சொல்லித் துணி துவைக்க வைத்தார்கள் என்று எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். முழங்கால் இருக்கிற நிலையில் என்னால் ரயில் ஏற முடியாது.

போங்கோ மணியக்கா. நான் உயிரோடை இருக்கிறவரைக்கும் பொய் சொல்ல ஒருத்தரையும் விடமாட்டன்.